பச்சைத் தழை, பொக்குக் காய்

போன மாதம் விருத்தாசலத்தில் நடந்த ஒரு பயிற்சிக் கூட்டத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்டவள் சரண்யா. எண்ணெய்வித்து ஆராய்ச்சிப் பண்ணையில் எனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தவள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் அறையில் உட்கார்ந்திருப்பவள். "வறட்சியப் பத்தி உங்க அனுபவத்தக் கொஞ்சம் சொல்லுங்க மேடம், கோபப்படாம" என்று சொல்லித்தான் அழைத்தாள். அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொல்லியிருக்கக் கூடாது.

எனக்கு முன்னால் ஒரு தனியார் நிறுவனத்துப் பையன் பேசினான். திரையில் எங்கள் பக்கத்து வரைபடத்தைப் போட்டான். வானத்திலிருந்து எடுத்த படம். பச்சை என்றால் பயிர் நலம், மஞ்சள் என்றால் வாட்டம், சிவப்பு என்றால் வறட்சி. இனிமேல் வறட்சிப் பாதிப்பை இதை வைத்துத்தான் முடிவு செய்யப் போகிறார்களாம். "இதுல மனுஷத் தலையீடே கிடையாது" என்று பெருமையாகச் சொன்னான். விருத்தாசலத்தை அடுத்த மங்களூர் ஒன்றியம் முழுக்க வாழை இலை விரித்த மாதிரி பச்சையாக இருந்தது. இந்த வருடம் அந்தப் பக்கம் நிலக்கடலை காய் பிடிக்கும் நேரத்தில் ஒரு பொட்டு மழை இல்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். மைக்கை அணைத்தார்கள். எனக்கு மைக் எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை.

அன்றைக்குக் கத்தியதை இன்றைக்கு நிதானமாக எழுதப் பார்க்கிறேன். எவ்வளவு தூரம் முடிகிறதோ தெரியவில்லை.

நான் இந்த ஊர்க்காரி. அப்பாவுக்கு ஜங்ஷனில் வேலை. ரயில்வே குடியிருப்பு, மாதா கோயில் பள்ளிக்கூடம், கோயம்புத்தூரில் விவசாயப் படிப்பு, பிறகு சொந்த ஊரிலேயே பண்ணையில் வேலை. படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வறட்சி என்றால் மண்ணில் ஈரம் குறைவது, இலை வாடுவது, விளைச்சல் குறைவது என்று தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அந்த விடையை இன்று யாராவது எழுதினால் தாளைக் கிழித்துவிடுவேன்.

எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் சங்கரலிங்கம் சார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். பயிர் வினையியல் பிரிவுக்குத் தலைவர். பண்ணையில் களை எடுக்க வரும் பெண்களையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். யாரையும் திட்டியதில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றும். நாம் ஓடி ஓடி வயலைப் பார்த்துவிட்டு, "சார், வறட்சிப் பாத்தியில பத்தாம் நம்பர் ரகம் நல்லா நிக்குது" என்று மூச்சு வாங்கச் சொன்னால், கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். "கீழ என்னம்மா இருக்கு?" என்பார். விழிப்போம். "போயிட்டு, புடுங்கிட்டு, வாங்க" என்பார். அவ்வளவுதான். மறுபடியும் வெயிலில் அரை மைல் நடக்க வேண்டும். இரண்டு முறை நடந்தவர் மூன்றாவது முறை செடியோடுதான் வருவார்.

விருந்தாளிகள் வந்தால் அவரிடம் ஒரு பந்தயம் உண்டு. மேலதிகாரியோ மாணவரோ, யாராக இருந்தாலும், தண்ணீர் விடாமல் செடி வளர்க்கும் வறட்சிப் பாத்திக்குக் கூட்டிப் போவார். "இதுல உங்களுக்குப் புடிச்ச செடி எது? காட்டுங்க" என்பார். வந்தவர் தளதளவென்று நிற்பதைக் காட்டுவார். சார் தன் கையிலுள்ள சின்ன மண்கிளறியால் சுற்றிலும் தளர்த்தி, செடியைத் தூக்கி உதறுவார். கீழே காய் இருந்தால் எல்லோருக்கும் சார் செலவில் டீ. இல்லாவிட்டால் வந்தவர் செலவில் டீ. களை எடுப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். பண்ணைக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர் சார் ஓய்வு பெற்றபோது அழுதார். காரணம் இருந்தது. சார் செலவில் டீ குடித்த ஞாபகம் எனக்கு ரொம்பக் குறைவு.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மல்லாட்டை பூப்பது மண்ணுக்கு மேலே, காய்ப்பது மண்ணுக்குக் கீழே. பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசி மாதிரி ஒரு விழுது கிளம்பி, கீழே இறங்கி, மண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் அங்கேதான் காயாகும். மேல்மண் காய்ந்து ஓடாக இறுகிவிட்டால் விழுது உள்ளே போக முடியாது. கதவு சாத்திய வீட்டின் வாசலில் நிற்பது போல அந்தரத்தில் நின்று கருகும். முன்னாலேயே நுழைந்துவிட்ட விழுதுக்கும் விடுதலை இல்லை. காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் கொண்டுவந்து தராது. காயே தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து ஈரத்தோடு உறிஞ்சிக்கொள்ள வேண்டும். ஈரம் இல்லையென்றால் ஓடு மட்டும் வளரும். உள்ளே பருப்பு இருக்காது. கட்டைவிரலால் அழுத்தினால் பொக்கென்று உடையும். அதனால் அதற்குப் பொக்கு என்றே பெயர்.

இதற்கிடையில் ஆழமாக வேர் விடும் ரகமாக இருந்தால், வேர் கீழே போய் அடிமண் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். தழை பச்சைப் பசேலென்று இருக்கும். ரோட்டிலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு அமோக விளைச்சல்.

இதை நிரூபிக்கச் சார் ஒரு சோதனை வைத்தார். அது பீங்கான் சூளைகள் நிறைந்த இந்த ஊரில் மட்டும்தான் நடந்திருக்க முடியும். மேல்மண்ணும் அடிமண்ணும் தனித்தனியாக இருக்கிற மாதிரி இரட்டைத் தொட்டி வேண்டும் என்றார். கீழே ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு குழாய், அதன் தலையில் அகலமான ஒரு சட்டி, சட்டியின் நடுவில் வேர் இறங்க ஓட்டை. நான் பீங்கான் சூளை வைத்திருந்த ராயப்பண்ணனிடம் போனேன். மாதா கோயிலில் எங்கள் பங்கைச் சேர்ந்தவர். ஊறுகாய் ஜாடியும் சாக்கடைக் குழாயும் செய்கிறவர். படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா பிலோமினா, மல்லாட்டைக்கு மாடி வூடு கட்டப் போறியா?"

"ஆமாண்ணே. கீழ் வூட்டுல தண்ணி, மேல் வூட்டுல வறட்சி."

"அப்ப என் வூடு மாதிரிதான்" என்றார். அவர் மாடியில் அப்போதெல்லாம் குழாயில் தண்ணீர் ஏறாது.

முதலில் சுட்டவை கழுத்தில் விரிசல் விட்டன. களிமண் கலவையை மாற்றி மறுபடி சுட்டுக் கொடுத்தார். கீழ்க்குழாயில் செம்மண் நிரப்பி, பக்கவாட்டுத் துளை வழியாகத் தண்ணீர் விட்டோம். ஈரம் மேலே ஏறாதிருக்கச் சட்டிக்கும் குழாய்க்கும் நடுவே மெழுகுப் படலம் ஊற்றினோம். வேர் அதைத் துளைத்துக்கொண்டு கீழே போகும். ஈரம் மேலே வராது. மெழுகு கெட்டியாக இருந்தால் வேர் மடங்கிவிடும், இளகலாக இருந்தால் வெயிலில் உருகி ஓடிவிடும். அந்தப் பதம் கைவரும்வரை என் கையெல்லாம் கொப்புளம். பூ எடுத்ததும் மேல்சட்டிக்குத் தண்ணீரை அடியோடு நிறுத்தினோம். மழை பட்டுவிடாதிருக்க மேலே தள்ளுகூரை. மேகம் கறுத்தால் சோற்றுக் கையோடு ஓடிப் போய்க் கூரையை இழுத்து மூட வேண்டும். ஊரே மழைக்கு வேண்டிக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் மழையைத் துரத்திக்கொண்டிருந்தோம்.

சட்டியில் வளர்ந்த ரகங்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். களை எடுக்கும் பெண்கள் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஒன்று மினுக்கி. வேர் விறுவிறுவென்று ஆழம் போகும். மத்தியான வெயிலிலும் இலை மின்னும். இன்னொன்று அழுமூஞ்சி. வெயில் ஏறினால் இலையை மூடிக்கொள்ளும், அடி இலைகளைக் கொட்டிவிடும், பார்த்தால் செத்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் அது பூவையெல்லாம் முன்கூட்டியே ஒரே மூச்சில் பூத்து, ஈரம் இருக்கும்போதே விழுதை இறக்கி, காய்க்கு வேண்டிய சத்தையும் உறிஞ்சிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வேலையைப் பார்க்கிற ஜாதி. அறுவடை அன்று சட்டிகளை உடைத்தோம். மினுக்கியின் அடியில் கருகிய விழுதும் பொக்கும். அழுமூஞ்சியின் அடியில் குண்டு குண்டாக இரட்டைப் பருப்புக் காய். சார் அன்று தன் செலவில் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார்.

மினுக்கி கெட்ட ரகம் என்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீர் கட்டுகிற நிலத்தில் அவள் மகராசி. மழையை மட்டும் நம்பும் மானாவாரி நிலத்துக்கு ஆகாது, அவ்வளவுதான். அதைத்தான் சாரும் எழுதினார். ஆனால் மேலே இருந்தவர்களுக்கு ஒரு படம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. வறட்சிப் பாத்தியில் சுற்றிலும் எல்லாம் வாடியிருக்க, நடுவில் மினுக்கி மட்டும் பச்சையாக நிற்கும் படம். வழவழத் தாளில் அச்சடித்து, 'வறட்சி தாங்கும் ரகம்' என்று எழுதி மானாவாரி ஒன்றியங்களுக்கெல்லாம் விதை அனுப்பினார்கள். சார் அந்த வருடமே ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்கள் மேலே, பச்சையெல்லாம் பயிர் என்று நம்புகிறவர்கள் அதற்கும் மேலே. இவர்களுக்கு நடுவில் நான்.

இப்போது கலியபெருமாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மங்களூருக்கு உள்ளடங்கிய ஒரு கிராமம். முழுக்க மானாவாரிக் கொல்லை; மேட்டு நிலத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அவர் பதிவு பெற்ற விதைப்பண்ணை விவசாயி. நாங்கள் மூல விதை கொடுப்போம். அவர் அதைப் பெருக்கித் திருப்பித் தருவார். அது ஊருக்கெல்லாம் போகும். அவர் காயில் கலப்பு இருக்காது. ஒரு செடி நிறம் மாறி நின்றால் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்கிற மனிதர். 'கலியபெருமாள் வெதை' என்றால் சுற்றுவட்டாரத்தில் கேள்வி கேட்காமல் வாங்குவார்கள். அவருக்குச் சொத்து என்று இருந்ததில் கொல்லையை விடப் பெரியது அந்தப் பேர்தான்.

அந்த வருடம் அவருக்கு வந்தது மினுக்கி. விதைக்கும்போது மழை, பூக்கும்போது ஒரு மழை. அதோடு வானம் கதவை அடைத்துக்கொண்டது. ஒரு நாள் போன் வந்தது.

"மேடம், செடி ஜம்முனு இருக்குது. பாக்குறவங்கல்லாம் கண்ணு வெக்கிறாங்க. எனக்குத்தான் மனசு சரியில்ல. ஒரு செடியப் புடுங்கிப் பாத்தேன். நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

போனேன். நாங்கள் பீங்கான் சட்டியில் பார்த்தது ஊர் அளவுக்குப் பெரிதாகி அங்கே கிடந்தது. மேலே கடல் மாதிரிப் பச்சை. கீழே கருகிய ஊசிகள், பொக்குகள். கலியபெருமாளின் மனைவி தனலட்சுமி ஒரு பொக்கை எடுத்து என் காதருகே வைத்து உடைத்தார். "கேட்டீங்களா மேடம், காத்துதான் வெளஞ்சிருக்குது" என்றார்.

நிவாரணத்துக்காக வறட்சிப் பாதிப்பைக் கணக்கெடுக்க ஒரு குழு வந்தது. தொழில்நுட்ப ஆளாக என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். குழுத் தலைவர் பெயர் வேண்டாம். மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கும் ஷூ. வரப்பைத் தாண்டிக் கொல்லைக்குள் கால் வைக்கவே இல்லை.

"செடி பச்சையா இருக்கே. வறட்சின்னா காஞ்சிருக்கணும்ல?" என்றார்.

நான் விளக்கினேன். விழுது, மேல்மண், சுண்ணாம்புச் சத்து. அவர் பாதியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், நீங்க ஏன் வெயில்ல நிக்கிறீங்க? வண்டியில உக்காருங்க" என்றார். அந்த அக்கறைக்கு இன்றைக்கும் எனக்குப் பல் நறநறக்கிறது. வெயிலில் நிற்கத்தானே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்?

நான் உட்காரவில்லை. கொல்லைக்குள் இறங்கி ஒரு செடியைப் பிடுங்கி உதறி, அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"காய் எங்க?" என்றார்.

"அதத்தான் சார் இவ்வளவு நேரமா சொல்லிட்டிருக்கேன்."

செடியை மேலும் கீழும் பார்த்தார். கலியபெருமாளைப் பார்த்தார். "இவ்வளவு நல்ல செடியில காய் இல்லாம இருக்குமா? பறிச்சிருப்பாங்க" என்றார்.

சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தனலட்சுமிதான் கேட்டார்.

"இன்னா சார் சொல்றீங்க? கத்திரிக்காயா இது, செடி நிக்க நிக்கக் காயப் பறிக்கிறதுக்கு? மல்லாட்ட சார்! மண்ணுக்குள்ள இருக்குது!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஓட்டுநரும் சிரித்துவிட்டார். நானும்தான். எப்படிச் சிரிக்காமல் இருக்க முடியும்? மல்லாட்டையைப் பறிக்கச் செடியையே பிடுங்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் பால் மறந்த பிள்ளைக்கும் தெரியும். அதிகாரியின் காது சிவந்தது. அந்தச் சிரிப்புக்கு நாங்கள் என்ன விலை கொடுக்கப் போகிறோம் என்று அப்போது தெரியவில்லை.

"நீதானே விதைப்பண்ணை வெச்சிருக்கிற ஆளு?" என்று கலியபெருமாளிடம் திரும்பினார். அதுவரை 'ங்க' போட்டுப் பேசியவர். "புடுங்கிப் பறிச்சிட்டு மறுபடி நட்டு வெச்சியா? விதைக் காய வெளியில எவன்கிட்ட வித்த?"

சிரிப்பு நின்றது. கலியபெருமாள் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"சார், வாய்க்கு வந்தபடி பேசாதீங்க. என் கொல்லையில வெளஞ்சத வாங்கித்தான் இந்த ஊரே வெதைக்குது. நான் வெதய வித்துத் தின்னவன்னு இன்னைக்கு வரைக்கும் எவனும் சொன்னதில்ல."

என்னிடம் பூதக்கண்ணாடி இருந்தது. பறித்த காயின் விழுது பிய்ந்து நாராக நிற்கும். மண்ணுக்குள் போகாத விழுது நுனி ஊசியாகக் கருகியிருக்கும். சிறு பிள்ளைக்கும் தெரிகிற வித்தியாசம். "பாருங்க சார், ஒரே ஒரு தடவை பாருங்க" என்று கண்ணாடியை நீட்டினேன். "லென்ஸெல்லாம் உங்க லேபுல வெச்சுக்குங்க மேடம்" என்றார்.

அப்போதுதான் எனக்குச் சங்கரலிங்கம் சாரின் பந்தயம் ஞாபகம் வந்தது. "சரி சார், இவர் கொல்ல வேணாம். இந்த ஊர்ல உங்களுக்குப் புடிச்ச கொல்லையக் காட்டுங்க. நான் புடுங்குறேன்" என்றேன். ரோட்டுக்கு எதிர்ப்புறம் பச்சையாக இருந்த ஒரு கொல்லையைக் காட்டினார். அதுவும் மினுக்கிதான். பிடுங்கினேன். பொக்கு. அவர் கொஞ்சம் யோசித்தார். "பக்கத்துப் பக்கத்துக் கொல்லைதானே? சேர்ந்து செஞ்சிருப்பாங்க" என்றார்.

அவர் கணக்கு இதுதான். ஊரே திரண்டு, கொல்லை கொல்லையாக மல்லாட்டையைப் பிடுங்கி, காயை உருவிவிட்டு, செடியை வரிசை தப்பாமல் திரும்ப நட்டு, உயிரும் கொடுத்திருக்கிறது. அப்படிச் செய்யத் தெரிந்த ஊருக்கு விருது அல்லவா கொடுக்க வேண்டும்?

திரும்பி வரும் வழியில் வாடிச் சுருண்ட ஒரு கொல்லை கண்ணில் பட்டது. வண்டியை நிறுத்தச் சொன்னார். "இது வறட்சி. இதுக்கு எழுதுங்க" என்றார். அது நாங்கள் சோதனைக்காகக் கொடுத்திருந்த அழுமூஞ்சி. கொல்லைக்காரர் நல்ல மனிதர், நெளிந்தார். "சார், எனக்குக் காய் இருக்குதுங்க. கலியபெருமாளுக்குத்தான் சுத்தமா போச்சு" என்று ஒரு செடியைப் பிடுங்கியே காட்டினார். கொத்துக் கொத்தாகக் காய். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இருங்க" என்றார் அதிகாரி. விளைந்த கொல்லைக்குப் பாதிப்பு. விளையாத கொல்லைக்குப் பாதிப்பு இல்லை. விளையாத கொல்லைக்காரர் மேல் விதையைத் திருடி விற்ற சந்தேகம்.

நான் சும்மா இருக்கவில்லை. ஊர் முழுக்கச் செடிகளைப் பிடுங்கிச் சாக்கில் கட்டி, அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கே கொண்டு போனேன். கலியபெருமாளும் தனலட்சுமியும் கூட வந்தார்கள். மண்ணோடு உள்ளே வரக் கூடாது என்று சாக்கை வெளியில் வைக்கச் சொன்னார்கள். உள்ளே நான் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு ஆடுகள் சாக்கைப் பிரித்துத் தழையைத் தின்றுகொண்டிருந்தன. தனலட்சுமி விரட்டவில்லை. "வுடுங்க மேடம், அதுங்களும் தழையத்தான் பாக்குதுங்க" என்றார்.

கலியபெருமாளின் விதைப்பண்ணைப் பதிவு ரத்தானது. எனக்கு, என் எல்லையை மீறியதற்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. புதிதாக வந்த பிரிவுத் தலைவர், "உங்க வேலை ஆராய்ச்சி மேடம், பஞ்சாயத்து இல்ல" என்றார். கோவில்பட்டிக்குப் போன் போட்டு சாரிடம் கொட்டித் தீர்த்தேன். "புடுங்கிப் பாருங்கன்னு சொல்லிக் குடுத்தேன். புடுங்கிக் காட்டியும் பாக்க மாட்டேங்கிறவன என்ன செய்யன்னு எனக்கும் தெரியாதும்மா" என்றார். தனக்குத் தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அடுத்த பட்டத்துக்குக் கலியபெருமாள் மல்லாட்டை விதைக்கவில்லை. விருத்தாசலம் மார்க்கெட் கமிட்டியில் எவனோ ஒருவன், "இன்னா, இந்த வருஷக் காய எங்க ஒளிச்சு வெச்சிருக்க?" என்று கேட்டிருக்கிறான். விளையாட்டாகத்தான் கேட்டானாம். அதோடு போதும் என்று கொல்லை முழுக்கத் தைலமரக் கன்றை வைத்துவிட்டார். நான் போனபோது தனலட்சுமிதான் பேசினார். "மரம் வெச்சா எவனும் வந்து காய எங்கன்னு கேக்க மாட்டானாம். அதான் வெச்சுட்டாரு" என்றார். கலியபெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

இப்போது போன மாதக் கூட்டத்துக்கு வருகிறேன். நான் கத்தி முடித்த பிறகு சரண்யா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீங்க சொல்றது எங்களுக்கும் தெரியும் மேடம். ஆனா சாட்டிலைட்டுக்குக் கை இல்லையே, புடுங்கிப் பாக்க" என்றாள். "உனக்குக் கை இருக்கே" என்றேன். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அவளுக்கும் ஓலை அனுப்ப ஆள் இருக்கிறார்கள்.

மனிதத் தலையீடு இல்லை என்பதுதான் என் புகாரே. அன்றைக்கு ஒருவர் வரப்பில் நின்று தழையைப் பார்த்தார். இன்றைக்கு வானத்தில் நின்று தழையைப் பார்க்கிறார்கள். தூரம் கூடியிருக்கிறது, வேறென்ன? அந்த அதிகாரியையாவது நான் நேரில் திட்ட முடிந்தது.

அந்தப் பையனிடம், கலியபெருமாளின் கிராமத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். ஊர் முழுக்க இளம்பச்சை. நடுவில் ஒரு சதுரம் மட்டும் கரும்பச்சையாக, அழுத்தமாக. "பாருங்க மேடம், இந்த ஃபீல்டுதான் அந்த ஊர்லயே சூப்பர். பதிவுல நிலக்கடலைன்னு இருக்கு. இத மாதிரி நிலம் இருக்கறதால ஊர் சராசரி நல்லா வருது. அதனாலதான் அந்த ஊருக்குப் பாதிப்பு இல்லைன்னு காட்டுது" என்றான்.

எனக்கு அந்தச் சதுரம் யாருடையது என்று தெரியும். ரோடு, எதிர்க் கொல்லை, ஓடைத் திருப்பம், எல்லாம் சரியாக இருந்தது. பதிவில் இன்னும் மல்லாட்டை. மண்ணில் தைலமரம். "தம்பி, அது மரம்" என்றேன். அவன் சிரித்தபடி, "மாடலுக்கு அது கிராப்தான் மேடம்" என்றான்.

வெளியே வந்ததும் கலியபெருமாளுக்குப் போன் செய்தேன். இந்த வருடம் ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஊர்ல அத்தினி பேருக்கும் பொக்குதான் மேடம். நிவாரணம் வரும்னு காத்துக்கிட்டு இருக்காங்க. எனக்கின்னா, மரம். பச்சையாத்தான் இருக்குது."

வரைபடத்தில் பார்த்ததைச் சொன்னேன். மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் மரத்தின் பச்சையையும் சேர்த்துத்தான் ஊருக்கு வறட்சி இல்லை என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்றேன்.

அவர் கேட்டார்: "அப்ப நான் மரத்த வெட்டிப் போட்டாத்தான் என் ஊருக்குக் காய் இல்லன்னு ஒத்துக்குவாங்களா மேடம்?"